மழையைத் தாண்டினால் மடாலயம்

கார்காலம் வந்துவிட்டால் பொருள் தேடப் போனவனும் போருக்குப் போனவனும் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது நம் முல்லைத் திணையின் கணக்கு. புத்தர் தம் பிக்குகளுக்கு விதித்ததும் ஏறக்குறைய அதேதான். மழை மாதங்களில் ஊர் ஊராகத் திரியாதீர்கள், ஓரிடத்தில் தங்குங்கள் என்றார். முளைவிடும் பயிரையும் ஊர்ந்து திரியும் பூச்சிகளையும் மிதித்துவிடக் கூடாது என்பது காரணம். திபெத்திய பௌத்தத்தில் ‘யார்னே’ என்ற பெயரில் அந்த மழைக்கால வாசம் இன்றைக்கும் நடக்கிறது. ஆக, துறவிகள் மடத்தைவிட்டு நகராத மாதங்களில்தான் நாம் அவர்களைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறோம்.

நம்மைக் குறை சொல்லவும் முடியாது. இமாசலத்தின் ஸ்பிட்டிக்கும் லாஹுலுக்கும் நடுவே நிற்கும் குன்ஸும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூனில் பனியை வெட்டி ஒதுக்கித் திறந்தால் அக்டோபரில் மறுபடி மூடிக்கொள்ளும். மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் உள்ள பாரலாச்சா கணவாயின் கதையும் அதுவே. இமாசலத்துக்குள் பருவமழை நுழைவது ஜூன் கடைசியில், விலகுவது செப்டம்பர் கடைசியில். சாலை திறந்திருக்கும் காலத்தின் பெரும்பகுதி மழைக்காலம்தான்.

இருந்தும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் லடாக்கின் லேவிலும் ஸ்பிட்டியின் காஸாவிலும் வானம் பெரும்பாலும் நீலமாகவே இருக்கும். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறில் விடாமல் கொட்டும் அதே நாளில், மலையிறங்கி உடுமலைக்கு வந்தால் வெறும் காற்று மட்டும் வீசுமே, அந்த மழை மறைவுதான் இங்கேயும். மலைகளின் உயரம் மட்டும் வேறு. வங்கக் கடலிலிருந்து வரும் மேகங்கள் தௌலாதரிலும் பீர் பஞ்சாலிலும் மோதிச் சுமையை இறக்கிவிடுகின்றன. தரம்சாலாவில் ஓராண்டு மழை மூவாயிரம் மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. லேவில் நூறு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அந்த மலைச்சுவருக்கு அப்பால் உள்ள ஸ்பிட்டி, லாஹுல், ஜான்ஸ்கர், லடாக் எல்லாம் உயரத்தில் கிடக்கும் குளிர்ப் பாலைவனங்கள்.

மழைக்காலத்தில் இமயமலைக்குப் போகலாமா என்று கேட்பவர்கள், போய்ச் சேரும் ஊரில் மழை பெய்யுமா என்றே விசாரிக்கிறார்கள். அங்கே அநேகமாகப் பெய்யாது. சிக்கல் வழியில்தான். மலைச்சுவரின் நனைந்த பக்கத்தில் ஏறும் முதல் இருநூறு கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்பதற்கு விடை இருந்தால் பயணத் திட்டத்தில் முக்கால்வாசி முடிந்தது.

மூன்று வாசல்கள்

முதல் வாசல் மணாலி. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, ரோத்தாங் கணவாயின் சேற்றிலும் நெரிசலிலும் மாட்டிக்கொள்ளாமல் லாஹுலுக்குள் போய்விடலாம். அதனால் இந்த வழி எளிதாகிவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். சுரங்கம் தீர்த்துவைத்தது ரோத்தாங்கை மட்டும்தான். மண்டியிலிருந்து பண்டோ, ஆவுட், குல்லு வழியே மணாலி வரை சாலை பியாஸ் நதியை ஒட்டியே வருகிறது. 2023 ஜூலையில் அந்த நதி சாலையைத் துண்டு துண்டாகக் கொண்டுபோனது. 2025 ஆகஸ்டில் மறுபடியும் குல்லுவுக்கும் மணாலிக்கும் இடையே நெடுஞ்சாலையை அரித்துத் தின்றது. சுரங்கத்தின் வாய்க்கே போய்ச் சேர முடியாவிட்டால் சுரங்கம் இருந்து என்ன?

இந்த வழியில் இன்னொரு கோளாறும் உண்டு. மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் 4,200 மீட்டருக்கு மேலிருக்கும் சர்ச்சு கூடாரங்களில் போய்ப் படுப்பதைப் பல சுற்றுலாத் திட்டங்கள் முதல் நாள் நிகழ்ச்சியாகவே எழுதிவைத்திருக்கின்றன. அன்றிரவு தூக்கம் வராது, தலைவலிதான் வரும். கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தங்கிப் போவதே முறை. கேலாங்குக்குச் சற்று முன்னால் தாண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று எழுதிய அதன் பலகை, படம் எடுத்துக்கொள்பவர்களிடையே ரொம்பப் பிரபலம். படம் எடுப்பதோடு டேங்கையும் நிரப்பிவிடுங்கள்.

இரண்டாவது வாசல் சிம்லா. நார்கண்டா, ராம்பூர் தாண்டி சட்லெஜ் நதியின் பள்ளத்தாக்கில் கின்னௌருக்குள் ஏறி, காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி நதி சட்லெஜுடன் கலப்பதைப் பார்த்தபடி நாகோ, தாபோ, காஸா என்று போகும் பழைய இந்துஸ்தான் – திபெத் சாலை. உடம்புக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சிம்லா 2,200 மீட்டர், கல்பா 2,960, நாகோ 3,660 என்று படிப்படியாக ஏறுவதால் காஸா சேரும்போது மூச்சு பழகிவிடும். பூ என்ற ஊரைத் தாண்டினால் பச்சை மறைந்து மண்ணும் பாறையும் தொடங்கும். மழையும் அங்கேயே நின்றுவிடும்.

ராம்பூருக்கும் பூவுக்கும் இடையில்தான் கவனம் வேண்டும். செங்குத்தான பாறைக் குடைவுகளில் ஓடும் சாலை அது. போதாததற்கு மலையைக் குடைந்து குடைந்து நீர்மின் திட்டங்கள். 2021 ஜூலையில் சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரியில் உருண்டுவந்த பாறைகள் ஒன்பது பேரைக் கொன்றன. இரண்டே வாரம் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, நிகுல்சாரியில் ஒரு பஸ்ஸையும் சில வண்டிகளையும் மலைச்சரிவு மூடியது. இறந்தவர்கள் 28 பேர். மழை நின்றதும் ஆபத்து முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஊறிய மலை, வெயில் அடித்த மறுநாளும் சரியும். இந்தப் பகுதியைக் காலையில் கடக்க வேண்டும். இருட்டில் ஓட்டக் கூடாது. பாறைக்கு அடியில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கக் கூடாது. ‘கல் விழும் பகுதி’ என்ற பலகை அங்கே அலங்காரத்துக்காக நடப்படவில்லை.

மூன்றாவது வாசல் ஸ்ரீநகர். சோனாமார்க், ஜோஜி லா, திராஸ், கார்கில் வழியே லேவுக்குச் சுமார் 420 கிலோமீட்டர். பீர் பஞ்சால் மலை மறிப்பதால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்குப் பருவமழை இமாசலத்தில் கொட்டுவதுபோல் வருவதில்லை. வந்த ஆண்டுகளில் வெள்ளமும் உண்டு, 2014 செப்டம்பரை மறக்க முடியாது. ஜோஜி லா கணவாய் 3,528 மீட்டர்தான். கார்கில் 2,676 மீட்டரில் இருப்பதால் முதல் இரவு நிம்மதியான தூக்கம். வழியெங்கும் முல்பேக்கில் பாறையில் செதுக்கிய மைத்ரேயர், நிலவின் தரையைப்போல வெடித்துக் கிடக்கும் மண்குன்றுகளின் மேல் லாமாயுரு, சிந்துவின் கரையில் அல்ச்சி என்று மடாலயங்கள் வரிசையாக வரும். லே போய்ச் சேரும் முன்பே பார்க்க வேண்டியதில் பாதியைப் பார்த்திருப்பீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்றாவது வழியைத்தான். ஜம்முவிலிருந்து காரில் வர வேண்டாம். ராம்பன் பகுதி மழைக்கு அடிக்கடி சரியும். 2025 ஜூனில் செனாப் பாலம் திறந்த பிறகு கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலே ஓடுகிறது. அமர்நாத் யாத்திரை நடக்கும் வாரங்களில் பால்தால் வரை நெரிசலும் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளும் இருக்கும். அந்தத் தேதிகளையும் காஷ்மீர் நிலவரத்தையும் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

சிக்கிமின் குருடோங்மார் ஏரியும் அருணாசலத்தின் தவாங்கும் இதே பட்டியலில் வருமே என்று கேட்கலாம். மழைக்காலத்தில் இரண்டையும் விட்டுவிடுங்கள். அங்கே போகும் வழி முழுக்க மழையின் பாதையில் கிடக்கிறது. 2023 அக்டோபரில் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து சுங்தாங் அணையை அடித்துப் போனதிலிருந்து வடக்கு சிக்கிம் சாலைகள் இன்னும் பலவீனம்.

காலி நாள்

முதல் இரண்டு வாசல்களுக்கும் கிளம்ப வேண்டிய சண்டிகருக்கே சென்னையிலிருந்து சுமார் 2,400 கிலோமீட்டர். சொந்தக் காரில் போவது சாகசம்தான். ஆனால் போக ஒரு வாரம், வர ஒரு வாரம் நெடுஞ்சாலையிலேயே தீர்ந்துவிடும். மலையில் வேண்டிய நாட்களை சமவெளியில் செலவழிக்கும் வேலை அது. சண்டிகருக்கு ரயிலிலோ விமானத்திலோ போய், உள்ளூர் ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே மேல். லடாக்கில் வெளியூர் வாடகை வண்டிகளை உள்ளூர் டாக்ஸி சங்கங்கள் நூப்ரா பள்ளத்தாக்குக்கோ பாங்காங் ஏரிக்கோ விடுவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

மூன்று பயண நாளுக்கு ஒரு காலி நாள் வேண்டும். அந்த நாளில் எந்த ஊரும் எழுதக் கூடாது. சாலை மூடினால் அதைச் செலவழியுங்கள், மூடாவிட்டால் தாபோவில் கூடுதலாக ஒரு நாள் சும்மா இருங்கள். எட்டு நாள் விடுப்பில் எட்டு ஊர் எழுதியவர்தான், “எப்படியும் இன்றைக்குப் போய்விட வேண்டும்” என்று பெருகி ஓடும் நாலாவுக்குள் வண்டியை இறக்குகிறார்.

நாலா என்பது சாலையைக் குறுக்கே வெட்டி ஓடும் மலை ஓடை. பாலம் இருக்காது. இதற்கு மழைகூட வேண்டாம். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிடும். இரவுக் குளிரில் உருகல் நின்று, விடியற்காலையில் அதே இடத்தில் கணுக்கால் அளவுதான் ஓடும். பாங்காங் போகும் வழியில் இருப்பதற்குப் பெயரே ‘பாகல் நாலா’, கிறுக்கு ஓடை. குன்ஸும் தாண்டி பாதலிலிருந்து கிராம்ஃபூ வரையிலான ஐம்பது கிலோமீட்டரில் இப்படிப் பல உண்டு. அரை நாளை அதற்கென்றே ஒதுக்க வேண்டும். ஆறு மணிக்குக் கிளம்பியவர் பன்னிரண்டு மணிக்குள் கடந்துவிடுவார். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர் ஓடைக்கரையில் வரிசையில் நிற்பார்.

சாலை திறந்திருக்கிறதா என்று கைபேசியில் தேடுவதைவிட, முந்தைய இரவு தாபாவில் கேட்பது பலன் தரும். “ராஸ்தா குலா ஹை?” என்ற ஒரு வரி இந்தி தெரிந்தால் போதும். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த இமாசல அரசு பஸ் ஓட்டுநரையும் லாரிக்காரரையும்விட நம்பகமான செய்தி நிறுவனம் அங்கே இல்லை. ஆகஸ்ட், ஸ்பிட்டியின் பச்சைப் பட்டாணி அறுவடையாகி லாரிகளில் இறங்கும் காலம். பட்டாணி லாரி வந்துவிட்டதென்றால் சாலை திறந்துவிட்டது.

மண்ணால் கட்டிய ஆயிரம் ஆண்டு

தாபோ மடாலயத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கோபுரம் கிடையாது, பொன் கலசம் கிடையாது. பூசி மெழுகிய மண்சுவர்கள், தட்டைக் கூரை, அவ்வளவுதான். உள்ளே நுழைந்து கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். அதன்பின் சுவரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட சுதை உருவங்கள் ஆளுயரத்துக்கு வெளிப்படும். நடுவில் நான்கு திசையும் நோக்கிய வைரோசனர். உருவங்களுக்கு மேலும் கீழும் ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் ஓவியங்கள்.

கி.பி. 996-இல், மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசத் துறவி யேஷே ஓ காலத்தில் எழுந்த கட்டடம் இது. சமஸ்கிருத பௌத்த நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்த ரின்சென் சாங்போவின் பெயரோடு சேர்த்தே இதைச் சொல்வார்கள். அந்த மறுமலர்ச்சியில் காஷ்மீரத்துக் கலைஞர்களின் கை இருந்தது. 1975 கின்னௌர் நிலநடுக்கத்தில் அடிபட்டும் நின்றது. ஆயிரமாவது ஆண்டான 1996-இல் தலாய் லாமா இங்கே காலசக்கர தீட்சை அளித்தார்.

இந்த மடத்துக்கு நிலநடுக்கத்துக்கு அடுத்த எதிரி மழை. மரச் சட்டங்கள், அவற்றின் மேல் சுள்ளிகள், அவற்றின் மேல் களிமண் என்பதுதான் ஸ்பிட்டிக் கூரை. பனி விழுந்தால் மண்வெட்டியால் தள்ளிவிடலாம். மழை அப்படியல்ல, மண்ணுக்குள் இறங்கி, சுவர் வழியே கசிந்து, ஆயிரம் ஆண்டு ஓவியத்தின் மேல் சேற்றுக் கோடு இழுத்துவிடும். மழையே அறியாத நிலத்தின் கட்டடக்கலைக்கு இப்போது அவ்வப்போது பலத்த மழை வந்து போகிறது. ‘மழை மறைவு’ என்ற சொல்லை நம்பி முழுதாக அசந்துவிடக் கூடாது என்பதற்கு லே நகரமே சாட்சி. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவுக்குப் பின் அங்கே மேகவெடிப்பும் சேற்று வெள்ளமும் சேர்ந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. மண்வீடுகள் கரைந்தே போயின. அதனால் எந்த ஊரிலும் வறண்டு கிடக்கும் ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள், அங்கே போட்டிருக்கும் கூடாரத்தை வாடகைக்கும் எடுக்காதீர்கள்.

தாபோவுக்கு அடுத்து என்னைக் கேட்டால் அல்ச்சி. அதன் மூன்றடுக்குக் கோயிலான சும்ட்ஸெக்கில் நிற்கும் அவலோகிதேஸ்வரரின் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லோரும் வெளியே போகிறார்கள். பார்க்க வேண்டியது அவர் வேட்டியை. அந்தத் துணி முழுக்க சின்னச் சின்னக் கோயில்களும் அரண்மனைகளும் வரையப்பட்டிருக்கின்றன. காஷ்மீரில் இன்று தரைமட்டமாகிவிட்ட ஒரு காலத்தின் படங்கள். அதேபோல அங்கே நிற்கும் மைத்ரேயரின் வேட்டியில் புத்தரின் வாழ்க்கை, மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் எண்பத்துநான்கு சித்தர்கள். தாபோவிலும் அல்ச்சியிலும் உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நல்லதுதான், கைபேசியை உள்ளே வைத்தால்தான் வேட்டி கண்ணில் படும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. ஸ்பிட்டியின் தங்கர் மடாலயம், அரிபட்டுக்கொண்டே வரும் ஒரு முகட்டின் நுனியில் நிற்கிறது. உலக நினைவுச்சின்ன நிதியம் 2006-இல் அதை ஆபத்திலுள்ள நூறு இடங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு மேலே ஒரு மணி நேர ஏற்றத்தில் சிறிய ஏரி ஒன்று உண்டு. கீ மடாலயத்துக்குக் காலை வழிபாட்டு நேரத்தில் போங்கள். லடாக்கின் ஹெமிஸ் மடத் திருவிழா ஜூன் அல்லது ஜூலையில் வரும், கூட்டம் தாங்காது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விரிக்கும் பெரிய துணி ஓவியத்தை 2016-இல் விரித்தார்கள், அடுத்தது 2028. எங்கேயும் வலம் வருவது நம் ஊர்க் கோயில் மாதிரி இடமிருந்து வலமாகத்தான்.

ஏரிகளும் மூச்சும்

‘3 இடியட்ஸ்’ வந்த 2009-க்குப் பிறகு பாங்காங் என்றால் மஞ்சள் ஸ்கூட்டரோடு படம் எடுக்கும் இடம் என்றாகிவிட்டது. 4,225 மீட்டர் உயரத்தில், 134 கிலோமீட்டர் நீளத்தில், மூன்றில் ஒரு பங்கு மட்டும் நம் பக்கம் கிடக்கும் அந்த உப்பு ஏரியைக் கரையோரக் கடைகளைத் தாண்டி மெராக் பக்கம் போய்ப் பார்ப்பது நல்லது. ஒரே ஏரிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் பாங்காங்கைச் சொல்ல மாட்டேன். த்சோ மோரிரியைச் சொல்வேன். 4,500 மீட்டருக்கு மேல், கோர்ஸோக் மடாலயத்தின் காலடியில், ராம்சார் ஈரநிலப் பட்டியலில் உள்ள ஏரி. கருங்கழுத்துக் கொக்குகள் கோடையில் இங்கே வரும். வரித்தலை வாத்துகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும் இந்த ஏரியோரங்களில்தான். குளிர்காலத்தில் திருநெல்வேலி கூந்தன்குளத்தில் இறங்குவதும் இந்த வாத்தினம்தான். நாம் கணவாய் கணவாயாகத் தடுமாறிப் போகும் மலையை அவை பறந்தே தாண்டுகின்றன.

குன்ஸும் கணவாய்க்கு அருகே உள்ள சந்திரதாலும் ராம்சார் ஏரிதான். கூடாரங்கள் ஏரிக்கரையில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளியே இருக்கின்றன. கடைசித் தூரம் நடக்க வேண்டும். 2023 ஜூலையில் அந்தக் கூடாரங்களில் சுமார் முந்நூறு பேர் மாட்டிக்கொண்டார்கள். கீழே மழை, மேலே அந்த மாதத்திலும் பனி. மீட்க நாட்கள் ஆயின. வானிலைத் துறை இமாசலத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் சந்திரதாலைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டு காஸாவிலேயே இருங்கள்.

உயரத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். சந்திரதால் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், மெரினாவில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம். விமானத்தில் லே இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையைவிட்டு அதிகம் நகரக் கூடாது. கர்துங் லா கணவாய்க்கு மறுநாளே ஓடாதீர்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். கையில் உள்ள ஆக்ஸிஜன் டப்பா இறங்கும் வழியில் உதவும், இறங்குவதற்கு மாற்றாகாது. அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள்: நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். கையில் ரொக்கம் வேண்டும், காஸா ஏ.டி.எம்.மை நம்ப முடியாது. ஸ்பிட்டிக்கு இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. லடாக்கின் எல்லைப்புற ஏரிகளுக்கு என்னென்ன கட்டணம், சீட்டு என்பது அடிக்கடி மாறுகிறது, கிளம்பும் வாரத்தில் லே நிர்வாகத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

ஸ்பிட்டிதான் வேண்டும், பிள்ளைகளையும் அழைத்துப்போக வேண்டும் என்பவர்கள் ஆகஸ்டை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசியில்தான் இமாசலத்தைவிட்டு மழை விலகுகிறது. கின்னௌரில் ஆப்பிள் பறிக்கும் காலம், நாலாக்களில் தண்ணீர் குறைவு, குன்ஸும் பெரும்பாலும் திறந்திருக்கும். இரவுக் குளிருக்கு மட்டும் கனத்த துணி வேண்டும். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. செப்டம்பர் கடைசிப் பயணத்துக்கு ஜூலை கடைசியில் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.